தரையின் எண்

பத்து இருபத்தாறுக்கு உலகம்மை கண்மாய்க்குள் முதல் அடியை வைத்தாள். வலது கால். தற்செயல்தான், ஆனாலும் வைத்த பிறகு மனசுக்கு இதமாக இருந்தது, மூன்றாவது தடவை அல்லவா, மூன்றாவது தடவைக்கு எந்தக் காலை வைத்தால் என்ன என்று கேட்கிற துணிச்சல் யாருக்கு வரும். காலடியில் காய்ந்த வண்டல் அப்பளம்போல நொறுங்கியது. பரமக்குடிக்குத் தெற்கே, சுற்றிலும் சீமைக்கருவேலம் அடைத்து நிற்க நடுவில் வெளுத்துக் கிடந்த கண்மாய் அது. அதில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் ஒரு சதுரம், மூலைக்கொரு கறுப்புக் குச்சி. சதுரத்துக்குள் அவளைத் தவிர ஒரு ஈ காக்காய் நுழையக் கூடாது. முதுகில் ஏழு கிலோப் பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் துப்பாக்கிப் பிடி மாதிரி ஒன்று. தன் நிழல் மேற்கே விழ, பிடியைக் கிழக்கே நீட்டித் தரையைப் பார்க்கவைத்து விசையை அமுக்கினால், விழுந்த வெயிலில் எத்தனை பங்கைத் தரை திருப்பிக் கொடுக்கிறது என்று பெட்டி எழுதிக்கொள்ளும். பிறகு பத்து மீட்டர் நட, நில், நீட்டு, அமுக்கு. வரிசைக்குப் பத்து இடம், பத்து வரிசை, அரை மணி நேரம். நடுவே சரியாகப் பத்து நாற்பத்தொன்றுக்கு எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் இந்த வழியாகப் போகும், போகிற போக்கில் இதே சதுரத்தைத் தானும் பார்க்கும். அது பார்த்ததும் இவள் பார்த்ததும் ஒத்துப்போகிறதா, இல்லையா. சமாசாரம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று பேச்சிமுத்துவிடம் சொன்னபோது, “அப்ப மேல இருக்குற கேமராவுக்கு நீ கீழ நின்னு பரீட்சைப் பேப்பர் திருத்தப் போற, அப்படித்தானட்டி?” என்றான் அவள் புருஷன். அப்படியேதான்.

நட, நில், நீட்டு, அமுக்கு. அந்தக் கோளுக்கு நாலு கண். நீலம், பச்சை, சிவப்பு, அப்புறம் நமக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லென்ஸ். அதில் சிவப்புக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று பெங்களூர் ஆபீஸில் சொன்னவள் இவள் ஒருத்திதான். டிசம்பரில் இந்தப் பக்கம் இடம் பார்க்க வந்தபோது பஸ் ஜன்னல் வழியே மிளகாய்க் காடு காட்டுக்குக் காடு காய்ந்து நின்றது, திரும்பிப் போய் அதே வாரத்துப் படத்தைத் திறந்தால் ‘நல்ல நிலை’ என்று பச்சை பூசி வைத்திருந்தது. பச்சை இலை சிவப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும், காய்ந்த தரை அதைத் திருப்பி அடிக்கும். கண்ணே சிவப்பைக் குறைத்துப் பார்த்தால் காய்ந்த காடும் பச்சைதானே. குழுத்தலைவர் கேசவமூர்த்தி சார் கேட்கவில்லை. கோளுக்குள்ளேயே ஒரு விளக்கு உண்டு, வாரம் ஒருமுறை ஏற்றிக் கண்களைச் சோதிப்பார்கள், மேலே ஏவிய நாளில் சிவப்புக் கண் விளக்கை எப்படிப் பார்த்ததோ அப்படியேதான் இன்றைக்கும் பார்க்கிறது. “விளக்கு பொய் சொல்லாதும்மா” என்றார். சொல்லாது. ஆனால் விளக்கு உள்ளே இருக்கு சார். லென்ஸுக்குப் பின்னால் இருக்கு. வீட்டுக்குள்ளே லைட்டைப் போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே படிந்த அழுக்கு எப்படித் தெரியும். இதைச் சொன்னதற்கு, “உவமை நல்லாருக்கு, எண் இருக்கா?” என்றார். எண் இல்லை. நாளைக்குக் குழு கூடுகிறது, கோள் அனுப்புகிறதை எந்த எண்ணால் பெருக்கித் திருத்துவது என்று இந்த வருஷத்துக்கு முடிவு செய்ய. இன்றைக்கு எண் கிடைக்காவிட்டால் பழைய எண்ணே இன்னொரு வருஷத்துக்கு ஓடும், இன்னொரு வருஷத்துக்குச் செத்த செடிக்கெல்லாம் பச்சை பூசுவார்கள். விளக்கு உள்ளே இருக்கு. இரண்டாம் வரிசை. நொறுக், நொறுக். கறுப்புச் சட்டை முதுகில் ஒட்டியது. தலைமுதல் கால்வரை கறுப்புதான் போட வேண்டும், வெளிர்துணி போட்டால் அதில் பட்ட வெயில் தரையில் தெறித்து அளவைக் கெடுக்கும்; காலையில் லாட்ஜ் படியிறங்கி வந்தவளைப் பார்த்து கூட அளக்க வந்த அந்தோணிராஜ் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு “சாமி சரணம்” என்றார், அவர் வேதக்காரர், அவருக்கு இந்தக் கிண்டல். வெளிர்துணி. வேண்டாம், அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் நினைவு நிற்குமா, ஆடு மேய்ந்த வழியிலேயே திரும்பத் திரும்பப் போகிறது. ஜனவரியில் மேகம், அது யார் குற்றமும் இல்லை. பிப்ரவரியில் வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது, நூறு இடமும் அளந்தாள், ஒரு பிசகில்லை, தோளில் மகள் குயிலியின் துண்டு கிடந்ததைத் தவிர. வெள்ளைத் துருக்கித் துண்டு. புறப்படும்போது பிள்ளை கக்கிவிட்டது, துடைத்துத் தோளில் போட்டவள் போட்டதோடு சரி, பிள்ளை வளர்க்கிறவளுக்குத் தோளில் துண்டு கிடப்பது தோள் இருப்பது மாதிரி, தெரியவா செய்யும். கூட்டத்தில் சார் அன்றைக்கு எடுத்த போட்டோவைத் திரையில் பெரிதாக்கி நிறுத்தி, “இது என்னம்மா, சமாதானக் கொடியா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள், நிஜமாகவே சிரிப்பாகத்தான் இருந்தது, லிஃப்டில் தனியாக இறங்கும்போதுதான் இல்லை. அந்த எண்களைத் தூக்கிப் போட்டார்கள். இன்றைக்குக் காலையில் பேச்சிமுத்து போலீஸ்காரன் மாதிரிக் கையைத் தூக்கச் சொல்லி, திரும்பச் சொல்லி, பாக்கெட்டைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினான்.

மூன்று வரிசை முடித்து வெள்ளைத் தகட்டுக்கு வந்தாள். சதுரத்தின் ஓரத்தில் முக்காலிமேல் மூடி போட்டு இருக்கும் அது, பட்ட வெயிலைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பித் தருகிற வெள்ளை, தரையை எதோடு ஒப்பிடுவது என்றால் இதோடுதான். ஒரு விரல் பட்டால் போச்சு. அண்ணாச்சி மூடியைத் திறந்தார், அவள் அளந்தாள், மூடினார். “நேரம் சரியா இருக்கு மேடம். பதறாம போங்க.” “மேகம் இருக்கா அண்ணாச்சி?” அண்ணாச்சி கிழக்கே பார்த்தார். கடல் பக்கம் ஒரே ஒரு மேகம், தலையணை அளவு. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நாலாவது வரிசை. ஒருவேளை நான்தான் தப்போ. இந்த நினைப்புக்கு நேரம் காலமே கிடையாது, நொறுக்கென்று கால் வைக்கிற இடத்திலெல்லாம் அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. துண்டு போட்டு மானம் போனதால் வீம்புக்கு நிற்கிறேனோ. இருபது வருஷம் கோள்களோடு குடும்பம் நடத்தினவர் சொல்கிறார், தென்காசிப் பக்கம் தகர ஷெட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவள் நான், எனக்கென்ன தெரியும். என்ன தெரியுமா? தராசைப் பிடிக்கத் தெரியும். குயிலிக்கு நாலு மாசம் ஆனபோது ஊரில் ஒரு மருந்துக்கடைத் தராசில் போட்டு, பிள்ளை எடை கம்மி என்றார்கள். கம்மி என்றால் அம்மாவுக்குப் பால் பத்தவில்லை என்று அர்த்தம், பால் பத்தவில்லை என்றால் அவள் பெங்களூரில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுததுதான் காரணம், பூண்டு தின்னச் சொல்வதற்கும் பால்சுறா தின்னச் சொல்வதற்கும் தெருவே வரிசையில் நின்றது. மூன்று நாள் பூண்டு தின்றாள். நாலாம் நாள், மடியில் பிள்ளை மதமதவென்று கனக்கிறதே, கை சொல்வது பொய்யா, தராசு சொல்வது பொய்யா என்று தோன்ற, இரண்டு கிலோ சீனிப் பாக்கெட்டை உடைக்காமல் கொண்டுபோய் அந்தத் தராசில் வைத்தாள். ஒன்றே முக்கால். கடைக்காரர், “நீ பாக்கெட்டுல ஓட்ட போட்டுக் கொண்டாந்திருப்ப” என்றார். அந்தப் பாக்கெட்டை ஓங்கிப் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் நடந்து வந்தது, கோப்பை வாங்கின கபடிக்காரி நடை. தெரிஞ்ச எடையை வச்சாத்தான் தராசு எப்படின்னு தெரியும். அதுதான் இந்தக் கண்மாய். கண்மாய்தான் சீனிப் பாக்கெட். சாரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் இந்த உவமையும் நல்லாருக்கு என்றிருப்பார்.

ஐந்தாவது வரிசையில் கால் வைத்தபோது மணிச்சத்தம் கேட்டது. கழுத்து மணி. பத்து முப்பத்தெட்டு. கரையிலிருந்து ஒரு வெள்ளாடு இறங்கியது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு, நாற்பது இருக்கும், நேரே சதுரத்தைப் பார்த்து. பின்னால் தொரட்டிக்கம்போடு ஒரு பெண். இருளாயி என்று பெயர், நேற்று ஜீப்புக்கு வழி சொன்னவள், நாற்பது வயசு, நாக்கு மட்டும் எழுபது. “ஏத்தா கறுப்புச்சட்ட! ஒதுங்கு ஒதுங்கு, இதுதேன் எங்க ஆடு போற வழி!” அண்ணாச்சி போய் மறிக்க முடியாது, சூரியனைப் பார்க்கிற கருவியோடு அவர் நிற்கிறார், நடுவிலுள்ள காற்றில் எத்தனை தூசி, எத்தனை ஈரம் என்று பத்து நாற்பத்தொன்றுக்கு அவர் அளந்தே ஆகவேண்டும். உலகம்மையும் நிற்க முடியாது. நட, நில், நீட்டு, அமுக்கு. அமுக்கிக்கொண்டே கத்தினாள், “அக்கா, அஞ்சே நிமிசம் பிடிச்சு நிறுத்துங்க!” “ஆட்டுக்கு மணி பாக்கத் தெரியுமாக்கும்? கம்மா என்ன ஒங்கப்பன் வீட்டுதா?” “மேலேருந்து படம் எடுக்காங்கக்கா!” “ஆட்டையும் சேத்து எடுக்கச் சொல்லு, அழகாத்தேன் இருக்கும்!” நாற்பது ஆட்டுக்கு நூற்றறுபது குளம்பு, ஒவ்வொரு குளம்புக்கும் ஒரு பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நிழல், போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்த அதே நொடியில் மார்பில் சுருக்கென்று இழுத்துப் பால் இறங்கியது. பத்தரை தாண்டிவிட்டதே. குயிலிக்குப் பத்தரைக்குப் பால். லாட்ஜில் அங்கே பிள்ளை வாயைத் திறந்திருக்கும், பேச்சிமுத்து வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டு என்னென்னவோ ராகத்தில் பாடியிருப்பான், இங்கே இருபது கிலோமீட்டர் தள்ளிக் கண்மாய்க்குள் சட்டை நனைகிறது. உடம்புக்கு ஒரு கடிகாரம், கோளுக்கு ஒரு கடிகாரம், இரண்டும் இன்றைக்குப் பார்த்து ஒன்றாக அடிக்க வேண்டுமா. ஈரம் பளபளக்குமோ, அளவைக் கெடுக்குமோ என்று ஒரு கணம் பகீரென்றது, அடுத்த கணமே சிரிப்பு வந்துவிட்டது, கறுப்புத் துணி நனைஞ்சா இன்னும் கறுப்பாத்தானேட்டி ஆகும், நல்லதுதான், இறங்கட்டும். அந்தச் சிரிப்போடேயே வாயில் சரியான வார்த்தை வந்தது. “அக்கா! நீங்க போட்ட மொளகா நல்லா இருக்குன்னு மேல இருக்குறது பொய் சொல்லுது! அதக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் நிக்கேன்!” மணிச்சத்தத்துக்கு நடுவே இருளாயி நின்றாள். “எங்க மொளகாவா? நல்லா இருக்குன்னா? எந்தக் களவாணிப்பய சொன்னான்?” பேசி முடிக்கும் முன்பே அவள் ஓட ஆரம்பித்திருந்தாள், ஆடுகளுக்கு முன்னால் போய்த் தொரட்டியைக் கரையோரக் கருவேலத்தில் மாட்டி ஒரு உலுக்கு உலுக்கினாள். நெற்று மழையாகக் கொட்டியது. நாற்பது ஆடும் தலையைத் திருப்பின. “தின்னுங்கடி தின்னுங்க, பொய்யி சொன்னவன அந்தப் புள்ள பிடிக்கட்டும்!” நொறுக் நொறுக் என்று இப்போது ஆடுகள் நெற்றைக் கடிக்கும் சத்தம். நட, நில். பத்து நாற்பத்தொன்று. நீட்டு. அமுக்கு.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமில்லை, ஒரு நிழல் இல்லை, வானம் அதே வானம். ஆனால் வந்துவிட்டுப் போயிற்று. இவள் மூச்சை விடுவதற்குள் ராமநாதபுரத்தைத் தாண்டிக் கடல்மேல் போயிருக்கும், திரும்பிப் பார்க்காத சாமி அது, தேர் ஏறினால் இறங்காது. உச்சந்தலை குறுகுறுத்தது, அங்கேயிருந்து பார்த்தால் நான் ஒரு புள்ளிகூட இல்லை, இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தானே கறுப்பு. எண்ணத்துக்கு நேரமில்லை, ஆறாவது வரிசை, ஏழாவது. பத்து நாற்பத்தேழுக்கு அந்தத் தலையணை மேகம் வந்து சதுரத்தின் கிழக்கு மூலையில் நிழலைப் போட்டது, போடு போடு, போய்விட்ட பஸ்ஸுக்குக் கையைக் காட்டு என்று அதைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு நிமிஷம் நின்று நிழலைப் போகவிட்டு மிச்ச வரிசைகளையும் முடித்து வெளியே வந்ததும் இருளாயி ஆடுகளை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓட்டினாள், சதுரம் முழுக்கக் குளம்பு, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. “பிடிச்சிட்டியா?” “இன்னும் தெரியலக்கா. கணக்குப் போடணும்.” “போடு போடு. நான் இங்கனக்குள்ளதேன் இருப்பேன்.” ஜீப் நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நூறு இடத்துக்கும் சராசரி, அண்ணாச்சி அளந்த தூசியும் ஈரமும், சூரியன் நின்ற கோணம், எல்லாவற்றையும் ஊட்டி, இந்தத் தரையை மேலிருந்து பார்த்தால் நாலு கண்ணிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்க வேண்டும் என்று கேட்டாள். ஆபீஸில் ஒரு வழக்கம், யார் வைத்ததோ, அவர்களுக்குப் புண்ணியம்: முதலில் தரையின் எண்ணை அனுப்ப வேண்டும், அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே கோளின் எண்ணைத் திறப்பார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்றை வளைக்க முடியாது. நாலு எண்ணையும் தட்டினாள். சிவப்புக்கு நூற்றுப் பதினெட்டு புள்ளி நாலு. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள், அதே. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “அனுப்புங்க தங்கச்சி” என்றார், மேடம் போய்த் தங்கச்சி வந்துவிட்டால் அவருக்கும் பயம் என்று அர்த்தம். அனுப்பினாள். பன்னிரண்டே கால். லாட்ஜுக்குப் போன் போட்டாள். “குடிச்சாளா?” “ரெண்டு பழம் முழுங்கிட்டுத் தூங்குதா. நீ என்ன ஆன?” “வை, வை, சார் கூப்பிடுதாரு.”

காதில் வைத்தாள். பெங்களூர் ஏசி அறையின் உம்மென்ற சத்தம், அதற்குள்ளிருந்து கேசவமூர்த்தி சார். “வந்துடுச்சும்மா உன் எண். கூட நாலு பேர் இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கோளோடத வரிசையாத் திறக்கறேன். துண்டு ஒண்ணும் இல்லையே இன்னிக்கு?” “இல்ல சார். சட்டை மட்டும் நனைஞ்சிருக்கு.” யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். “நீலம். நீ சொன்னது எழுபத்தாறு புள்ளி ரெண்டு. கோள் சொல்றது எழுபத்தஞ்சு புள்ளி ஒம்பது. அட.” நெஞ்சு ஒரு படி ஏறியது. “பச்சை. நூத்தி ரெண்டு புள்ளி ஏழு, நூத்தி மூணு புள்ளி ஒண்ணு. ரொம்ப நல்ல அளவும்மா இது, நிஜமாவே.” ஏறிய படியிலிருந்து அப்படியே நழுவியது. எல்லாம் ஒத்துப்போகிறதே. எல்லாம் ஒத்துப்போனால் நான் தோற்றேன் அல்லவா, எவ்வளவு நன்றாக அளந்தேனோ அவ்வளவு சுத்தமாகத் தோற்பேன், இது என்ன விளையாட்டு. “அகச்சிவப்பு, அதுவும் முக்கால் சதவீதத்துக்குள்ளதான் இருக்கு. பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல, விளக்கு…” அதோடு நின்றுவிட்டது பேச்சு. ஏசியின் உம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கண்மாய்க்குள் ஒரு குட்டியாடு தும்மியது. அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், கோவிலுக்குள் நிற்கிற மாதிரி. மூன்று கண் சரியாகப் பார்த்தால் என் தரை சரி, என் தரை சரி என்றால்… முடிக்கப் பயந்து அந்த நினைப்பை அங்கேயே பிடித்து வைத்தாள், சூடான சோற்றுருண்டையை வாயில் வைத்துக்கொண்டு முழுங்காமல் நிற்பதுபோல. “சிவப்பு” என்றார் சார், குரல் வேறு மாதிரி இருந்தது. “நீ சொன்னது நூத்திப் பதினெட்டு புள்ளி நாலு.” “ஆமா சார்.” “கோள் சொல்றது நூத்திப் பத்து புள்ளி ஒண்ணு.” அப்புறம் யாரோ அங்கே நாற்காலியைத் தள்ளுகிற சத்தம், யாரோ “ஏழு பர்சென்ட்!” என்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே தன் வாயிலிருந்தே கிளம்பிய ஒரு கூவல், குலவையா கத்தலா என்று அவளுக்கே தெரியவில்லை, கரைமேல் உட்கார்ந்திருந்த இருளாயி எழுந்துவிட்டாள். “பிடிச்சிட்டியா ஆத்தா?” “பிடிச்சிட்டேன்க்கா!” “விடாத! பிடிய விட்றாத!” விடுவாளா. ஏழு. ஏழு. மூன்று மாதமாகக் கையில் கனத்தது பொய்யில்லை, பஸ் ஜன்னலில் பார்த்தது பொய்யில்லை, கண்ணாடிக்கு வெளியே அழுக்கு. சார் இருமினார். நல்ல மனுஷன்தான், ஒத்துக்கொள்ள வேண்டியது வந்தால் இருமுவார், எண்ணைப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் வாதாட மாட்டார், அந்த ஒன்றுக்காகத்தான் அவரோடு இத்தனை நாள் சண்டை போட முடிந்தது. “சரி உலகம்மை. நாளைக்கு என்ன, இப்பவே எல்லாரும் இங்கதான் இருக்கோம். அட்டவணையத் திறந்துட்டேன். சிவப்புக்கு நேரா என்ன போடணும், நீயே சொல்லிடு.” அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்துகொண்டு சொல்லத் தோன்றவில்லை, ஈரச்சட்டையை ஒரு கையால் இழுத்து நேராக்கிக்கொண்டாள். “ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு ஐந்து, சார்.” விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. “போட்டாச்சு. ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு ஐந்து. சரிதானே?” கேட்டுவிட்டது, ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், அண்ணாச்சிக்கும், கரையில் நின்ற இருளாயிக்கும், நாற்பது ஆட்டுக்குமாக. “காத்து சார் இங்க, ஒண்ணும் கேக்கல. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாச் சொல்லுங்க!”